பழைய கணினியின் விசிறிச் சத்தம்: ஓசையைக் கொண்டு பழுதறிந்து நீக்கும் வழிமுறை

கேரளத்துக்குச் சரக்கு லாரிகள் ஏறிப்போகும் செங்கோட்டை–புளியரைச் சாலையை ஒட்டிய எடைமேடைகளிலும் மர அறுவை ஆலைகளின் கணக்கறைகளிலும் 1990-களில் வாங்கிய கணினிகள் சில இன்னும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. பழைய டாஸ் நிரல் ஓடினால்தான் எடைச்சீட்டு அச்சாகும், பழைய கணக்கு திறக்கும் என்ற கட்டாயத்தால் அவற்றை வைத்திருப்பவர்கள் உண்டு. ஆசைக்காகவே 386, 486 பிராசஸர் கொண்ட பழைய கணினி ஒன்றைத் துடைத்துப் பாதுகாப்பவர்களும் உண்டு. இரு சாராரும் சொல்லும் முதல் குறை விசிறிச் சத்தம்தான். சத்தம் எப்போது எழுகிறது, எப்போது அடங்குகிறது, தொட்டால் மாறுகிறதா, மூடியைத் திறந்தால் மாறுகிறதா என்று கவனித்தால் பழுது பெரும்பாலும் தானே தன்னைக் காட்டிவிடும். அதைக் கவனிக்காமல் எடுத்தவுடன் எண்ணெய் விடுவதும், எடுத்தவுடன் புது விசிறி வாங்குவதும் வீண்செலவு.

386 வகைப் பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஒரே விசிறி, அது எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கிக் கூட்டுக்குள், 80 மில்லிமீட்டர் அளவில், 12 வோல்ட் டி.சி.யில் ஓடுவது. 486, பென்டியம் காலத்துப் பெட்டிகளில் பிராசஸரின் ஹீட் சிங்க் (வெப்பத்தை வாங்கி வெளிவிடும் உலோகத்துண்டு) மேல் 40 அல்லது 50 மில்லிமீட்டரில் இன்னொன்று சேர்ந்துகொண்டது. அதற்கும் முந்தைய பெரிய பெட்டிகள் சிலவற்றில் 230 வோல்ட் ஏ.சி. விசிறி இருக்கும் என்பதால், எதைச் செய்வதற்கு முன்பும் விசிறியின் நடுவில் ஒட்டியுள்ள சீட்டைப் படித்துவிட வேண்டும்.

கை வைப்பதற்கு முன்

ஏ.டி. எனப்படும் இந்தப் பழைய வகைக் கணினிகளில் முன்பக்கத்துப் பவர் சுவிட்சு வெறும் சைகைச் சுவிட்சு அல்ல. 230 வோல்ட் மின்சாரமே தடித்த கேபிள் வழியாக முன்பலகை வரை வந்து திரும்புகிறது. சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று நம்பி உள்ளே கைவிடக் கூடாது. சுவர் பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வைத்துக்கொண்டுதான் மூடியைத் திறக்க வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். கூட்டையே திறப்பதாக இருந்தால் இன்னும் கூடுதலான எச்சரிக்கை தேவை. அதன் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்கள் ஏறத்தாழ 325 வோல்ட் டி.சி.யைத் தாங்கியிருப்பவை. அவற்றைத் தானாக வடியவைக்கும் ரெசிஸ்டர் இத்தனை ஆண்டுகளில் போயிருக்கக்கூடும். கால் மணி நேரமாவது விட்டு, மல்டிமீட்டரை டி.சி. 600 வோல்ட் அளவில் வைத்து அந்தக் கெபாசிட்டர் முனைகளை அளந்து, ஓரிரு வோல்ட்டுக்குமேல் காட்டவில்லை என்று உறுதியான பிறகே விரல் பட வேண்டும். மல்டிமீட்டர் பிடித்துப் பழகாதவர் இந்தக் கூட்டைத் திறக்காமல், தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்க்கும் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

திறந்த கையோடு மதர்போர்டில் நீலமாகவோ பச்சையாகவோ உருளை வடிவில் ஒரு 3.6 வோல்ட் பேட்டரி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றிப் பச்சைப் பூஞ்சை போலப் படிந்திருந்தால், பேட்டரி கசிந்து பலகையை அரிக்கிறது என்று பொருள். விசிறியைவிட அவசரமான வேலை அது.

சத்தம் விசிறியுடையதுதானா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். 1980-களின் இறுதியில் கணினி வாங்கிய அலுவலகங்கள் பலவற்றில் அதோடு சேர்த்து ஒரு சி.வி.டி. என்னும் மின்னழுத்த நிலைப்படுத்தியும் வாங்கினார்கள். அந்த டிரான்ஸ்ஃபார்மர் இயல்பிலேயே ‘ம்ம்ம்’ என்று உறுமும். சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உறுமும். மேசைக்கடியில் அது இருந்தால், கணினியை அணைத்து அதை மட்டும் ஓடவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்த சந்தேகம் ஹார்ட் டிஸ்க். அரை அடி நீளமுள்ள நெகிழ்வான பிளாஸ்டிக் குழாய் ஒன்றின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைப் பெட்டியின் வெளிப்புறத்தில் ஒவ்வோர் இடமாக நகர்த்தினால் ஓசையின் பிறப்பிடம் தெளிவாகத் தெரியும். அப்படியும் தெளியாவிட்டால், கணினியை அணைத்து டிஸ்க்கின் மின் இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு மீண்டும் இயக்கலாம். சத்தம் போய்விட்டால் விசிறி நிரபராதி. ஆனால் சீகேட் எஸ்.டி.-225 போன்ற பழைய 20 எம்.பி. டிஸ்க்குகள் அணைக்கும்போது தாமாகத் தலையை ஒதுக்கிவைக்காதவை. அவற்றை அணைப்பதற்கு முன், தலையை ஒதுக்கிவைக்கும் ‘பார்க்’ கட்டளையை ஓட்டிவிட வேண்டும். இந்த வகை டிஸ்க்குகளின் அடிப்புறத்தில் சுழல்தண்டின் நுனியைத் தொட்டுக்கொண்டு ஒரு மெல்லிய உலோகப் பட்டை இருக்கும். நிலைமின்சாரத்தை வடிப்பதற்கான அந்தப் பட்டை தேய்ந்து அதிரும்போது எழும் கிறீச்சொலியை விசிறியின் பேரிங் என்று நினைத்து விசிறியை மாற்றுவது வழக்கமாக நடக்கும் தவறு. பட்டையின் முதுகில் சிறு பஞ்சுத்துண்டை ஒட்டினால் அதிர்வு அடங்கும். எரிச்சலில் அதைப் பிய்த்து எறிந்துவிடக் கூடாது.

பிராசஸர் விசிறியைச் சோதிக்க, ஓடும்போது அதன் நடுக்குமிழை ஐஸ்கிரீம் குச்சியால் ஓரிரு நொடி அழுத்தி நிறுத்தலாம். 12 வோல்ட் விசிறிக்கு அதனால் கேடில்லை. பென்சிலைப் பயன்படுத்த வேண்டாம், அதன் கரி மின்சாரத்தைக் கடத்தும். எஸ்.எம்.பி.எஸ். விசிறியைக் கம்பிவலை வழியாக எதனாலும் குத்தி நிறுத்த முயலக் கூடாது.

டிக்-டிக் என்று சீராகத் தட்டுகிறது

இதழ் எதையோ தட்டுகிறது என்பதே பொருள். பெரும்பாலும் ஃபிளாப்பி டிரைவின் பட்டைக் கேபிளோ மெல்லிய ஒயரோ விசிறிப் பாதையில் சாய்ந்திருக்கும். நைலான் பட்டையால் கட்டி ஒதுக்கினால் வேலை முடிந்தது.

ஓசையோடு பெட்டியும் லேசாக அதிர்ந்தால் இதழில் சுமை ஏறியிருக்கிறது. நெடுநாள் ஓடாமல் கிடந்த பெட்டிக்குள் வேட்டுவக் குளவி மண்கூடு கட்டுவது நம் பக்கத்தில் சாதாரணம். இதழின் உட்புறம் ஒட்டிய கடுகளவு மண்கட்டிகூடச் சமநிலையைக் கெடுத்துவிடும். ஈரத்துணியால் ஊறவைத்து எடுக்க வேண்டுமே தவிர, ஸ்குரூ டிரைவரால் சுரண்டினால் இதழ் ஒடியும். ஓர் இதழ் ஒடிந்துவிட்டால் ஒட்டுப்போட்டுச் சமன்படுத்த முடியாது.

காலையில் கிறீச்சிட்டுச் சற்று நேரத்தில் அடங்குகிறது

அதிகம் வருவதும், சரியாகக் கையாண்டால் அதிக நாள் பலன் தருவதும் இந்தப் பழுதுதான். “சாரல் தொடங்கினால் இதுவும் கத்தத் தொடங்கிவிடுகிறது அண்ணாச்சி” என்று மரக்கடைக் கணக்கர்கள் சொல்வது வெறும் பேச்சல்ல. இவ்வகை விசிறிகளின் தண்டு சுழல்வது பித்தளை நிறத்தில் உள்ள வெண்கலப் புஷ்ஷுக்குள். உலோகத்தூளை அழுத்திச் சுட்டுச் செய்யப்படும் அந்தப் புஷ், கடற்பஞ்சு தண்ணீரை வைத்திருப்பதுபோல நுண்துளைகளில் எண்ணெயை வைத்திருக்கும். ஆண்டுகள் போகப்போக எண்ணெய் ஆவியாகியும் தூசியோடு குழைந்தும் கரும்பிசினாகிவிடுகிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாகக் குளிர்ச்சியைக் கொண்டுவரும் காலைகளில் அந்தப் பிசின் இன்னும் இறுகும். தண்டு உலர்ந்த உலோகத்தில் உரசிக் கிறீச்சிடும். மோட்டார் சூடேறிப் பிசின் இளகியதும் ஓசை அடங்கும்.

பிளக்கைப் பிடுங்கி, விசிறியைச் சட்டத்திலிருந்து கழற்றுங்கள். காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சட்டத்தின் விளிம்பிலுள்ள அம்புக்குறியைப் பார்த்தோ, இல்லையென்றால் மார்க்கர் பேனாவால் நீங்களே குறித்தோ வைத்துக்கொள்ள வேண்டும். திருப்பிப் பொருத்திவிட்டால் வெப்பக்காற்று மீண்டும் பெட்டிக்குள்ளேயே போகும். ஒயர்கள் வரும் பக்கத்தின் நடுவிலுள்ள சீட்டை முழுதாகப் பிய்க்காமல், ஓரத்தில் நகத்தை விட்டுப் பாதிவரை தூக்குங்கள். கீழே ஒரு ரப்பர் மூடி இருக்கலாம், நேரே குழியாகவும் இருக்கலாம். குழிக்குள் தண்டின் நுனியும் அதன் கழுத்தைப் பிடித்திருக்கும் வெள்ளை நைலான் வளையமும் தெரியும். சுற்றிலும் மை போலக் கறுப்பாக இருப்பது பழைய எண்ணெய்.

இந்த நிலையில் நேரே எண்ணெய் விட்டாலும் ஓசை நிற்கும். ஆனால் புது எண்ணெய் பழைய பிசினோடு கலந்து சில மாதங்களில் மீண்டும் அதே கதையாகும். பொறுமை இருந்தால் வளையத்தைக் கழற்றுவதே சரி. அதில் ஓரிடத்தில் வெட்டு இருக்கும். அந்த வெட்டில் தையல் ஊசியை விட்டு விரித்தால் வளையம் வெளியே வரும், வரும்போது துள்ளியும் போகும். மரத்தூள் படிந்த தரையில் விழுந்தால் கிடைக்காது. ஆகையால் விசிறியை ஒரு பாலிதீன் பைக்குள் வைத்து, பைக்கு வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு கழற்றுவது நல்லது. பிறகு இதழ்ச் சக்கரத்தை மெல்ல இழுத்தால் காந்தப் பிடியை மீறி வந்துவிடும். தண்டில் மெல்லிய வாஷர்கள் இருந்தால், அவை இருந்த வரிசையிலேயே ஒரு காகிதத்தில் அடுக்கி வையுங்கள். தண்டையும் புஷ்ஷின் உட்புறத்தையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் கறுப்பு வராதவரை துடைத்து, உலரவிட்டு, புஷ்ஷின் சுவரில் இரண்டு மூன்று துளி எண்ணெய் விட்டுச் சற்று நேரம் ஊறவிடுங்கள். அதன்பின் தண்டைச் செருகி, வாஷரும் வளையமும் போட்டு, விரலால் சுழற்றிவிட்டால் இதழ்கள் தடையில்லாமல் ஓடி மெதுவாக நிற்க வேண்டும். குழியைச் சுற்றி வழிந்த எண்ணெயை ஆல்கஹாலால் துடைக்காவிட்டால் சீட்டு ஒட்டாது. சீட்டு ஒட்டாவிட்டால் எண்ணெய் வெளியேறித் தூசி உள்ளே போகும். பழைய சீட்டில் பசை போய்விட்டதென்றால் அதன்மேல் ஒரு டேப் வட்டத்தை ஒட்டிவிடலாம்.

எண்ணெய் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயே போதும். எந்தத் தையல்கடையிலும் ஒரு சொட்டுக் கேட்டால் கொடுப்பார்கள். தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. அது ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறைவது. மார்கழிக் காலையில் குளியலறைப் புட்டியில் கட்டியாகிக் கிடப்பது விசிறிக்குள்ளும் கட்டியாகும். நாள்பட்டால் சிக்குப் பிடித்துப் பசையும் ஆகும். துருநீக்கும் ஸ்பிரே அடித்தவுடன் சத்தம் மாயமாக நின்றுவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பகுதி கரைப்பான், புஷ்ஷில் மீதமிருக்கும் எண்ணெயையும் கழுவிக்கொண்டு ஆவியாகிவிடும். கிரீஸ் புஷ்ஷின் துளைகளை அடைக்கும். லாரிக்கு ஊற்றும் இன்ஜின் ஆயில் இந்தச் சிறிய மோட்டாருக்குக் கெட்டி.

துடைத்த தண்டைச் செருகியபின் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கைக்குத் தெரியும் அளவு ஆட்டம் இருந்தால் புஷ் முட்டையாகத் தேய்ந்துவிட்டது. எண்ணெய் சில வாரங்களுக்கு மட்டுமே வாயை மூடும்.

கரகரவென்று அரைக்கிறது, சூடேறினாலும் நிற்பதில்லை

இது பால் பேரிங் வகை, சீட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். பிளக்கைப் பிடுங்கிய நிலையில் இதழை விரலால் மிக மெதுவாகச் சுற்றினால், மணல் நெருடுவதுபோல விரலுக்குத் தெரியும். குண்டும் பாதையும் குழிந்துவிட்ட பேரிங்கை எண்ணெயால் மீட்க முடியாது. விசிறியை மாற்ற வேண்டியதுதான்.

இந்தக் கேட்டுக்கு ஒரு காரணம் நாமே செய்யும் சுத்தம். பஞ்சர் கடைக் கம்பிரஸர் குழாயை நேரே விசிறிக்குக் காட்டினால், அது தன் வேகத்தைவிடப் பல மடங்கு சுழன்று பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். காற்றடிக்கும்போது இதழை ஒரு குச்சியால் தடுத்துப் பிடித்திருக்க வேண்டும். கம்பிரஸரில் தண்ணீரும் சேர்ந்து வரும் என்பதால், பெயின்ட் பிரஷ்ஷும் கை பிளோயரும் போதும் என்பதே என் கட்சி.

மூடியைப் போட்டால் உறுமுகிறது, கையால் அழுத்தினால் நிற்கிறது

விசிறி நன்றாகவே இருக்கிறது, தகரம்தான் அதிர்கிறது. பலமுறை திறந்து மூடிய பெட்டிகளில் பின்பக்க ஸ்குரூக்கள் பாதி காணாமல் போயிருக்கும். அவற்றை நிறைத்து, மூடியின் உள்விளிம்பிலும் விசிறிக்கும் தகரத்துக்கும் இடையிலும் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய மெல்லிய பட்டைகளை வையுங்கள். விசிறியின் நான்கு ஸ்குரூக்களையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கக் கூடாது. பிளாஸ்டிக் சட்டம் கோணி, இதழ் விளிம்பு உரசத் தொடங்கும்.

கோளாறு எதுவும் இல்லை, காற்றிரைச்சல்தான்

இதில்தான் நிதானம் வேண்டும். முதலில் அடைப்பைப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ். விசிறி காற்றைப் பின்புறமாக வெளியே தள்ளுவதால், உள்ளே வரும் காற்று ஃபிளாப்பி வாயிலும் முன்பலகை இடுக்குகளிலும் புகுந்து வருகிறது. மரத்தூளும் உமித்தூசியும் அந்த வழியே வந்து உள்வலையில் கம்பளியாகப் படிகின்றன. அடைபட்ட வலை வழியே இழுக்கும்போது இரைச்சல் கூடும், காற்று குறையும். சுத்தம் செய்தாலே பாதி இரைச்சல் போய்விடும். பின்பக்கத்தில் கார்டு இல்லாத துவாரங்களுக்கு மூடித்தகடு போட்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். திறந்து கிடந்தால் காற்று முன்புறம் வழியாக வராமல் குறுக்கே ஓடிவிடும்.

அதன்பிறகும் குறைக்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்கலாம். விசிறியின் வேகம் 20 விழுக்காடு குறைந்தால் காற்றும் ஏறத்தாழ அதே அளவு குறையும். ஓசையோ சுமார் 5 டெசிபல் இறங்கும், காதுக்கு அது நல்ல மாற்றம். விசிறியின் சிவப்பு ஒயரில் 1என்4007 வகை டயோடுகள் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு பாகங்கள்) மூன்றைத் தொடராகச் சேர்த்தால், ஒவ்வொன்றும் 0.7 வோல்ட்டுக்குச் சற்று மேலாக எடுத்துக்கொள்ள, விசிறிக்கு ஏறத்தாழ 9.7 வோல்ட் போகும். ரெசிஸ்டரைவிட டயோடு நல்லது. கிளம்பும் நேரத்தில் கூடுதல் மின்னோட்டம் தேவைப்படும்போது ரெசிஸ்டர் மின்னழுத்தத்தை மேலும் இழுத்துவிடும், டயோடு இழுக்காது. வெள்ளிக்கோடு உள்ள முனை விசிறியை நோக்கி இருக்க வேண்டும். இணைப்புகளின்மேல், சூடுகாட்டினால் சுருங்கும் காப்பு ஸ்லீவ் போட வேண்டும்.

ஆனால் கணக்கை மறக்கக் கூடாது. 100 வாட் வெப்பத்தை 10 டிகிரி உயர்வுக்குள் வெளியேற்ற நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை கன மீட்டர் காற்று தேவை. எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டரின் வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. அறையே 38 டிகிரியில் கொதிக்கும் சித்திரையில், தகரக்கூரை போட்ட எடைமேடை அறையில் இந்த வேலையைச் செய்ய நான் யாருக்கும் சொல்வதில்லை. சாரல் காலத்தில் செய்துவிட்டு அக்னி நட்சத்திரத்தை மறந்துவிடுவதும் அதே தவறுதான். செய்வதானால், மூடியைப் போட்டு ஒரு மணி நேரம் ஓடியபின் பின்புறக் காற்றின் வெப்பத்தை மாற்றுவதற்கு முன்பும் பின்பும் டிஜிட்டல் தெர்மாமீட்டரால் அளந்து, 5 டிகிரிக்குமேல் வேறுபாடு இருந்தால் ஒரு டயோடை எடுத்துவிடுங்கள்.

பிராசஸர் மேலுள்ள சிறு விசிறியின் கீச்சொலிக்கு வேறொரு தீர்வும் உண்டு. 486 டி.எக்ஸ்.-33 போன்ற மெதுவான பிராசஸர்களுக்கு விசிறியே தேவையில்லை. நல்ல ஹீட் சிங்க் போதும். டி.எக்ஸ்.2-66-க்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் இந்தத் துணிச்சல் வேண்டாம்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால்

80 மில்லிமீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் தடிமன், 12 வோல்ட் என்ற மூன்றும் ஒத்துப்போனால் இன்று கடையில் கிடைக்கும் விசிறி பொருந்தும். சீட்டிலுள்ள ஆம்பியர் அளவு பழையதற்கு வெகுவாகக் குறைவாக இருந்தால் காற்றும் குறைவு என்று கொள்ளலாம். நான்கு ஒயர் உள்ள ‘அமைதி விசிறி’யை விலை கொடுத்து வாங்கி நேரே 12 வோல்ட்டில் சேர்த்தால், வேகத்தைக் கட்டுப்படுத்தும் சைகை இல்லாததால் அது முழுவேகத்தில் ஓடும். மூன்று ஒயர் விசிறியில் சிவப்பும் கறுப்பும் போதும். மூன்றாவது வேகத்தைச் சொல்லும் ஒயர், அதன் நுனியைக் காப்பிட்டு மடக்கிவிடலாம். எஸ்.எம்.பி.எஸ். பலகையில் நேரே பற்றவைத்த விசிறியானால், பலகையைத் தொடாமல் ஒயரின் நடுவில் வெட்டி, புதியதன் ஒயரைப் பற்றவைப்பது எளிது. இரைச்சலைக் குறைக்கப் பின்பக்கத் தகர வலையை வெட்டி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஓசை குறையும் என்பது உண்மை. ஆனால் எச்.சி.எல்.லின் பிஸிபீ, விப்ரோவின் ஜீனியஸ் போன்ற பழைய கணினி ஒன்றை அதன் பழைய உருவத்திலேயே வைத்திருக்க நினைப்பவர் அதைச் செய்யக் கூடாது.

மீண்டும் பொருத்தும்போது மதர்போர்டுக்குப் போகும் இரட்டை இணைப்பிகளில் கறுப்பு ஒயர்கள் நடுவில் ஒன்றையொன்று ஒட்டியிருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் மதர்போர்டே போய்விடும். சில பழைய எஸ்.எம்.பி.எஸ்.கள் சுமையில்லாமல் கிளம்பாது. மேசைமேல் தனியாக வைத்துச் சோதித்து ‘செத்துவிட்டது’ என்று முடிவு கட்ட வேண்டாம்.

சத்தமே நின்றுவிட்டது

துள்ளித்துள்ளி நிற்கும் விசிறியைக் கையால் சுழற்றிவிட்டதும் ஓடினால், எண்ணெய் வறட்சியே காரணமாக இருக்கலாம். மேலே சொன்ன சுத்தத்தைச் செய்து பார்க்கலாம். தடையில்லாமல் சுழலும் விசிறி மின்சாரம் வந்தும் அசையாவிட்டால், உள்ளிருக்கும் காந்தமறியும் சில்லோ சுருளோ போய்விட்டது. ஒயர் முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று அளந்துவிட்டு மாற்றுங்கள்.

அதுவரை பெட்டியைத் திறந்துவைத்து மேசை விசிறியைக் காட்டி ஓட்டலாமா என்று கேட்பார்கள். மதர்போர்டுக்கு அந்தக் காற்று போதும், மூடிய எஸ்.எம்.பி.எஸ். கூட்டுக்குள் அது புகாது, வெப்பம் பிறப்பதோ அங்கேதான். லாரி வரிசையில் நின்றாலும், மாற்று விசிறி வந்து சேரும்வரை எடைச்சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.